ஊர்ப் பொதுவில் ஒரு கணினி

பொது யூனிக்ஸ் கணினி என்பது, கேட்டு வருபவருக்கு ஒரு பயனர் கணக்கு திறந்து கொடுத்து, தொலைவில் இருந்தபடியே உள்ளே நுழைந்து வேலை பார்க்க விடும் கணினி. அதை நடத்துபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். கணினி அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஏதோ ஒரு வாடகை இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பயனர் உலகின் எந்த மூலையிலும் இருக்கலாம். உள்ளே படங்களோ பொத்தான்களோ கிடையாது. கறுப்புத் திரை, அதில் துடிக்கும் கர்சர், அவ்வளவுதான். பயனர் ஒரு வரியைத் தட்டுகிறார். ஷெல் என்னும் நிரல் அதைப் படித்து, கேட்ட வேலையைச் செய்து, விடையை எழுத்தாகவே திருப்பி அனுப்புகிறது. போய்வருவது வெறும் எழுத்து என்பதால் மிக மெதுவான இணைப்பிலும் இது ஓடும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு வேலைக்கான செயலிகள்: அஞ்சல் அனுப்ப ஒன்று, படம் போட ஒன்று. ஷெல் கணக்கில் கிடைப்பது கணினியே. அதில் நிரல் எழுதி இயக்கலாம், இணையப் பக்கம் வைக்கலாம், மற்ற பயனர்களோடு பேசலாம். ஆனால் அந்தக் கணினி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அதே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் அதே மையச் செயலியையும் (சிபியு) அதே நினைவகத்தையும் பங்கிட்டுக் கொண்டிருப்பார்கள். ஒருவர் அளவு மீறினால் எல்லோருக்கும் திணறும். முன்பின் தெரியாதவரை இப்படியோர் இடத்துக்குள் விடுவது துணிச்சலான காரியம். இந்தக் கணினிகளின் சேர்க்கை முறை, கட்டணம், விதி, தடை எல்லாமே அந்தத் துணிச்சலுக்கு அவ்வப்போது போடப்பட்ட வரம்புகள்தான்.

ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் ஏற்பாடு 1961-ல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் செய்து காட்டியது. கணினி ஒவ்வொருவருக்கும் நொடியின் சிறு துண்டை மாறி மாறி ஒதுக்கும். ஒவ்வொருவருக்கும் கணினி தமக்கே உரியது போலத் தோன்றும். கணினிக் கடவுச்சொல் என்ற பழக்கமும் அந்த முறையோடு வந்ததுதான். அதே எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கோ கடவுச்சொல் என்றாலே ஆகாது. அவர்கள் எழுதிய ஐடிஎஸ் இயங்குதளத்தில் எவரும் எவருடைய கோப்பையும் திறக்கலாம். கணினியை அப்படியே நிறுத்திவிடும் கட்டளையைக்கூட எவரும் கொடுக்கலாம். எல்லோராலும் முடிகிற காரியத்தில் பெருமை என்ன இருக்கிறது என்ற எண்ணத்தில் வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். ஆய்வகத்தில் வேலை இல்லாத வெளியாட்களையும் 'சுற்றுலாப் பயணிகள்' என்று பெயரிட்டு உள்ளே அனுமதித்தார்கள். தொலைவிலிருந்து வரும் அந்நியருக்குக் கணினியைத் திறந்துவிடும் மரபின் வேர் இங்கே இருக்கிறது. ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டத்தில்தான் இவ்வளவு திறப்பு செல்லும் என்பது பின்னால் தெரிந்தது.

1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம் இரண்டுக்கும் நடுவான வழியில் சென்றது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர் என்ற மூன்று தரப்புக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற மூன்று அனுமதிகள் தனித்தனியே வைக்கப்படும். 'ரூட்' என்ற நிர்வாகிக் கணக்குக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. இந்த எளிய ஏற்பாடு இருந்ததால்தான் அந்நியர்கள் பலரை ஒரே கணினியில் குடியமர்த்த முடிந்தது.

1980-களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் ஓடும் கணினியைச் சொந்தமாக வாங்குவது பெரும்பாலோருக்கு எட்டாத காரியம். பல்கலைக்கழகத்திலோ பெரிய நிறுவனத்திலோ இருந்தால்தான் அதைத் தொட முடியும். அந்தச் சுவரில் துளை போட்டவற்றுள் முக்கியமானது மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் 1983-ல் மைக் மையர்ஸ் தொடங்கிய எம்-நெட். ஆல்டோஸ் நிறுவனக் கணினி ஒன்றைத் தொலைபேசி இணைப்புகளோடு பிணைத்து, மோடம் வைத்திருந்த எவரும் அழைத்து உள்ளே வரலாம் என்றார். வந்தவர்கள் நிரல் எழுதியதைவிட அரட்டை அடித்ததே அதிகம். அதற்கு இடம் கொடுத்தது மார்கஸ் வாட்ஸ் எழுதிய பிகோஸ்பான் என்ற கலந்துரையாடல் மென்பொருள். 1985-ல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பிறந்து புகழ்பெற்ற 'வெல்' இணையக் குழுவும் இதே மென்பொருளில்தான் ஓடியது. அதை ஆன் ஆர்பரிலிருந்து அங்கே கொண்டுசேர்த்தவர் லாரி பிரில்லியன்ட். இந்தியாவில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஊர் ஊராகச் சுற்றிய அதே மருத்துவர்.

எம்-நெட் பயனர்களில் ஒரு பகுதியினர் 1991-ல் பிரிந்துபோய் கிரெக்ஸ் என்ற தனிக் கணினியை நிறுவினார்கள். கணினி ஒரு தனியாளின் சொத்தாக இருந்தால் அவர் நினைத்த நாளில் விற்கவோ மூடவோ முடியும் என்ற கவலைதான் அதன் பின்னணி. எனவே கிரெக்ஸ் கூட்டுறவாக அமைந்தது. கணக்கு எவருக்கும் இலவசம். சந்தா கட்டும் உறுப்பினருக்கு வாக்குரிமை. வாக்கெடுப்பில் தேர்வான குழு நிர்வாகத்தைக் கவனித்தது. கணினியோ பிறர் ஒதுக்கிய பழைய சன் நிறுவன இயந்திரம். இந்தச் சின்னக் கூட்டுறவு ஒருமுறை மாநில அரசையே நீதிமன்றத்துக்கு இழுத்தது. சிறுவர் கண்ணில் படக்கூடிய பாலியல் உள்ளடக்கத்தை இணையத்தில் பரப்புவதைக் குற்றமாக்கி மிச்சிகன் அரசு 1999-ல் சட்டம் கொண்டுவந்தது. வயதைச் சோதிக்க வழியில்லாத பொதுக் கணினிக்கு அந்தச் சட்டத்தின் கீழ் இயங்குவதே ஆபத்து. கிரெக்ஸை நடத்திய சைபர்ஸ்பேஸ் கம்யூனிகேஷன்ஸ் முதல் வாதியாக நின்று, ஆளுநர் எங்ளர் மீது தொடுத்த வழக்கில் சட்டத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. மேல்முறையீட்டிலும் தடை நிலைத்தது. தன்னார்வக் கணினி நடத்துபவர் சட்டத்தையும் படித்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

1987-ல் டென்வர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பர்ட் தொடங்கிய நிக்ஸ் என்ற பொதுக் கணினியும் இதே காலத்தது. ஆனால் நீடித்து நின்றவற்றில் பெயர் பெற்றது எஸ்டிஎஃப். 1987 ஜூன் 16 அன்று டெக்சஸ் மாநிலத்தில் டெட் உலெமன் என்பவர் ஆப்பிள் கணினி ஒன்றில், ஜப்பானிய அனிமே ரசிகர்களுக்கான தகவல் பலகையாக இதைத் தொடங்கினார். பெயரும் 'சூப்பர் டைமென்ஷன் ஃபோர்ட்ரெஸ் மேக்ராஸ்' என்ற அனிமே தொடரிலிருந்து வந்ததுதான். பிறகு யூனிக்ஸுக்கு மாறியது. இடையில் சில காலம் யூனிக்ஸைப் போன்ற லினக்ஸில் ஓடி, கடைசியில் நெட்பிஎஸ்டி இயங்குதளத்துக்குப் போய் அங்கேயே நிலைத்தது. அனிமே பேச வந்தவர்கள் எப்போது யூனிக்ஸ் கற்பவர்களானார்கள் என்று கோடு கிழித்துச் சொல்ல முடியாது. ஸ்டீபன் ஜோன்ஸ் பல ஆண்டுகளாக அதன் முதுகெலும்பாக இருக்கிறார். எஸ்டிஎஃப் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு பெற்றது. அதன் சேர்க்கை முறை படி வைத்தது: புதியவர் இலவசமாக நுழையலாம், ஆனால் வெளியுலகோடு தொடர்புகொள்ளும் வசதிகள் பலவும் பூட்டியிருக்கும். ஒரு டாலர் அனுப்பினால் சரிபார்க்கப்பட்ட பயனர். 36 டாலரை ஒரே தடவை கட்டினால் ஆயுள் உறுப்பினர். வசதிகள் இன்னும் கூடும். அந்த ஒரு டாலரால் மின்கட்டணம் கட்ட முடியாது. ஆனால் ஆயிரம் போலிக் கணக்கு திறக்க நினைப்பவருக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலரும் அதை அனுப்பும் சிரமமும் கசக்கும்.

1990-களில் இணையம் வணிகமானபோது ஷெல் கணக்கு விற்பனைச் சரக்காகவும் ஆனது. பாஸ்டன் அருகே பாரி ஷைனின் 'தி வேர்ல்ட்', நியூயார்க்கில் பேனிக்ஸ் ஆகியவை 1989 முதலே மாதக் கட்டணத்துக்குக் கணக்கு கொடுத்தன. இந்தியாவில் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்தபோது, குறைந்த கட்டணத்தில் கிடைத்தது எழுத்து மட்டுமே காட்டும் ஷெல் கணக்கு. அந்த நாளில் இணையம் பார்த்த பலர், விஎஸ்என்எல் கணினியின் யூனிக்ஸ் ஷெல்லுக்குள் நுழைந்து, பைன் நிரலில் அஞ்சல் படித்து, லின்க்ஸ் உலாவியில் படமில்லாத வலைப்பக்கம் பார்த்தவர்கள். தாங்கள் யூனிக்ஸ் பயன்படுத்துகிறோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திராது. பயனரின் வீட்டுக் கணினியே நேராக இணையத்தில் சேரும் இணைப்பு மலிவானதும் ஷெல் கணக்கின் சந்தை சரிந்தது. வீட்டுக் கணினியிலேயே லினக்ஸ் நிறுவ முடிந்தபின், யூனிக்ஸ் பழக எங்கோ இருக்கும் கணினியை நாட வேண்டிய அவசியமும் போனது.

மறுபடியும் பொதுக் கணினி எழுந்தது அவசியத்தால் அல்ல, ஏக்கத்தால். 2014 அக்டோபர் வாக்கில் அமெரிக்க எழுத்தாளரும் நிரலாளருமான பால் ஃபோர்டு, அமேசான் மேகச் சேவையில் ஒரு மலிவான லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்து, வேண்டியவர்களுக்குக் கணக்கு தருகிறேன் என்று ட்விட்டரில் விளையாட்டாகச் சொன்னார். அதுதான் டில்டே கிளப். ஒன்றிரண்டு நண்பர்கள் வருவார்கள் என்று பார்த்தால் கூட்டம் மளமளவெனச் சேர்ந்தது. காத்திருப்போர் பட்டியல் ஆயிரங்களைத் தொட்டது. எல்லோருக்கும் இடம் கொடுக்க அவரால் முடியவில்லை என்பதே நல்லதாய்ப் போனது. காத்திருந்து சலித்தவர்கள் தாங்களே ஆளுக்கொரு சர்வர் வைத்தார்கள். டில்டே டவுன் அதே ஆண்டில் அப்படிப் பிறந்து டில்டே கிளப்பைவிடக் கலகலப்பானது. பிற்பாடு வந்த டில்டே டீம், ஜெர்மனியில் ஓடும் என்வ்ஸ், ஸ்பானிய மொழிக்காரர்களுக்கான டெக்ஸ்டோ-பிளானோ போன்றவை ஒருவருக்கொருவர் அரட்டை வலையையும் செய்திக் குழுக்களையும் பகிர்ந்துகொள்ளும் கூட்டமைப்பாகவும் சேர்ந்தன.

டில்டே என்பது அலைபோல் வளைந்த சிறு கோடு. யூனிக்ஸில் அது பயனரின் வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும். காரணம் வெறும் தற்செயல்: பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் வேலை செய்த ஏடிஎம்-3ஏ டெர்மினலின் விசைப்பலகையில் அந்தக் குறியும் 'ஹோம்' விசையும் ஒரே கட்டையில் அச்சிடப்பட்டிருந்தன.

இந்தச் சிறு கணினிகளில் சில, தங்களுக்கென ஒரு போக்கை வகுத்துக்கொண்டன. காஸ்மிக் வாயேஜ் என்ற கணினியில் கணக்கு வாங்குவோர் விண்வெளிக் கதை எழுதத்தான் வாங்குகிறார்கள். ஒவ்வொருவரும் கற்பனைக் கப்பல் ஒன்றின் செய்திகளை ஷெல்லிலிருந்தே அனுப்ப, எல்லாம் சேர்ந்து ஒரே கதையுலகமாக வளர்கிறது. சால்டர்பங்க் என்ற புனைபெயரில் இயங்குபவர் நடத்திய ஸைபாட்சு, விளம்பரமும் வேவும் இல்லாத எழுத்து வலையைத் தேடியவர்களின் கூடாரம். 2019-ல் அவர் முன்வைத்த ஜெமினி நெறிமுறை அந்தத் தேடலின் விளைவு. வலைப்பக்கத்தை வெறும் எழுத்தும் இணைப்புமாகச் சுருக்கும் அந்த நெறிமுறையின் வாயில் (போர்ட்) எண் 1965; நாசாவின் ஜெமினி விண்கலம் முதன்முதலாக மனிதரைச் சுமந்து பறந்த ஆண்டு. ஒரு சில நூறு பேர் கூடும் கணினியிலிருந்து உலகெங்கும் பயன்படும் ஒரு நெறிமுறை கிளம்பியது சாதாரண விஷயமல்ல.

இப்படிப்பட்ட கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய முதலில் இருந்த வழி டெல்நெட். அதில் கடவுச்சொல் உட்பட எல்லாமே மறைக்கப்படாமல் கம்பியில் போகும். இடையில் ஒட்டுக் கேட்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் எவரோ கடவுச்சொற்களை ஒட்டுக் கேட்டது தெரிந்தபின், அங்கிருந்த டாட்டு யூலோனன் எஸ்எஸ்எச் என்ற மாற்று வழியை எழுதினார். இரு முனைக்கும் இடையில் போவது முழுவதும் மறைகுறியாக மாறிவிடும். கோப்புப் பரிமாற்றத்துக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று வாயில் எண்கள் இருக்க, நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். 1999-ல் ஓபன்பிஎஸ்டி குழு வெளியிட்ட இலவசப் பதிப்பான ஓபன்எஸ்எஸ்எச் இன்று ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினலைத் திறந்தால் போதும். விண்டோஸ் 10-லும் 2018 முதல் உள்ளடங்கி வருகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் செயலி போட்டுக்கொள்ளலாம்.

டில்டே வகைக் கணினிகளில் பெரும்பாலானவை கடவுச்சொல்லை ஏற்பதில்லை. சாவி ஜோடி கேட்கும். பயனர் தம் கணினியில் சாவி உருவாக்கும் கட்டளையை இயக்கினால் இரண்டு கோப்புகள் கிடைக்கும். ஒன்று தனிச் சாவி. அது அந்தக் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. மற்றது பொதுச் சாவி; இன்று வழக்கமான எட்25519 வகையில் அது ஒரே வரிதான், எவருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். உள்ளே நுழையும்போது, தனிச் சாவி வைத்திருப்பவரால் மட்டுமே போடக்கூடிய ஒரு கையொப்பத்தை சர்வர் கேட்டு, தன்னிடமுள்ள பொதுச் சாவியால் சரிபார்க்கும். ரகசியம் எதுவும் கம்பியில் போவதில்லை. கடவுச்சொல்லை யூகிக்க இரவும் பகலும் கதவைத் தட்டும் தானியங்கி நிரல்களுக்கும் இங்கே வேலை இல்லை. தனிச் சாவிக்கு ஒரு கடவுத்தொடர் போட்டுப் பூட்டுவது அவசியம். மடிக்கணினி திருடு போனால் அதுதான் காப்பு.

கணக்கு கேட்கும் படிவம் சிறியது: விரும்பும் பயனர் பெயர், மின்னஞ்சல், பொதுச் சாவி, எதற்காக வருகிறார் என்று இரண்டு வரி. எஸ்டிஎஃப்பில் படிவம்கூட இல்லை. 'நியூ' என்ற பெயரில் நுழைந்தால் சர்வரே கேள்வி கேட்டுக் கணக்கைத் திறக்கும். மற்ற இடங்களில் அந்த இரண்டு வரியை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கிறார். புதியவர்கள் தவறு செய்வது இங்கேதான். 'சோதனைக்காக' என்று ஒரு சொல் எழுதினால் விண்ணப்பம் குப்பைக்குப் போக வாய்ப்பு அதிகம். நிரல் பழக, கவிதை எழுதி வைக்க, பழைய யூனிக்ஸ் விளையாட்டுகள் ஆட என்று எது உண்மையோ அதைச் சொன்னால் போதும். நிபுணத்துவம் எவரும் எதிர்பார்ப்பதில்லை. பதில் வரச் சில நாள் ஆகலாம். நிர்வாகி பகலில் வேறு வேலை பார்ப்பவர்.

முதல்முறை இணையும்போது சர்வரின் அடையாளக் கைரேகையைக் காட்டி, நம்பலாமா என்று எஸ்எஸ்எச் கேட்கும். பெரும்பாலோர் படிக்காமலே சம்மதம் சொல்வார்கள். அந்தக் கணினியின் முகப்புப் பக்கத்தில் கைரேகையை வெளியிட்டிருந்தால் இரண்டையும் ஒத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. ஒருமுறை ஏற்ற கைரேகை நினைவில் வைக்கப்படும்; பின்னொரு நாள் அது மாறிவிட்டதாக எச்சரிக்கை வந்தால், சர்வர் மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது நடுவில் எவரோ நிற்கலாம். நிர்வாகியிடம் கேட்டுத் தெளியாமல் மேலே போகக் கூடாது.

உள்ளே வந்ததும் கண்ணில் படுவது வரவேற்புச் செய்தி. அதைப் படித்தபின் முதலில் தட்டவேண்டியது, இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் 'ஹூ' கட்டளை. கட்டளை எதற்கும் விளக்கம் வேண்டுமானால் 'மேன்' என்று முன்னால் சேர்த்தால் கையேட்டுப் பக்கம் திறக்கும். ஒரு பயனரைப் பற்றி அறிய 'ஃபிங்கர்' இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் லெஸ் எர்னஸ்ட் 1971-ல் எழுதியது. பயனர் தம் வீட்டுக் கோப்புறையில் 'பிளான்' என்றொரு கோப்பில் எழுதிவைப்பதை அது எடுத்துக் காட்டும். சமூக ஊடகத்தில் நிலைத்தகவல் போடும் பழக்கத்துக்கு முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம். வெளியுலகுக்கு ஃபிங்கரைத் திறந்து வைத்திருந்த கணினிகள் பல 1988 நவம்பரில், தானாகப் பரவிய மாரிஸ் புழு என்ற நிரலிடம் அடிபட்டன. அந்தச் சேவையில் இருந்த ஓர் ஓட்டை வழியாகப் புழு புகுந்ததால், பலர் ஃபிங்கர் சேவையை அன்றே மூடினார்கள். பொது யூனிக்ஸ்களில் மட்டும் அது உயிரோடிருக்கிறது.

வலைப்பக்கம் வைக்கப் பொதுக் கோப்புறை ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கும். அதில் போடும் கோப்பு உடனே இணையத்தில் தெரியும். தெரியவில்லை என்றால் பத்துக்கு ஒன்பது தடவை, படித்தல், எழுதுதல், இயக்குதல் அனுமதிகளைக் குறிக்கும் எண்ணில்தான் பிழை. வீட்டுக் கோப்புறைக்கு 711 என்று வைத்தால், பிறர் அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, ஆனால் வலைச் சர்வர் அதைக் கடந்து பொதுக் கோப்புறைக்குப் போக முடியும். 700 என்று வைத்தால் அதுவும் நின்றுவிடும். 755 என்றால் கோப்புப் பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும். தனிப்பட்ட கோப்புக்கு 600. இந்த நான்கு எண்கள் தெரிந்தால் அன்றாட வேலைக்குப் போதும். வேலையின் நடுவே இணைப்பு அறுந்துபோகும் என்ற பயமிருந்தால், ஸ்க்ரீன் அல்லது டிமக்ஸ் என்ற நிரலுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். அது சர்வரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி நுழைந்து விட்ட இடத்தில் தொடரலாம்.

தமிழில் எழுத நினைப்பவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. டெர்மினல் திரை ஒரே அளவுக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது அதன் கணக்கு. 'தமிழ்' என்பதில் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறிகள், யுடிஎஃப்-8-ல் சேமித்தால் 15 பைட். புள்ளியும் இகரக் குறியும் தனிக் குறிகள் என்பதால் எத்தனை கட்டம் ஒதுக்குவது என்று பல டெர்மினல்கள் தடுமாறும். 'கொ' போல இருபுறமும் குறி நிற்கும் எழுத்தில் பிசகு இன்னும் கூடும். கர்சர் ஓரிடத்தில் நிற்க, அழிவது வேறிடமாக இருக்கும். கோப்பில் பிழை ஒன்றும் இல்லை, காட்டுவதில்தான் பிழை. எனவே தமிழ்ப் பக்கத்தைச் சொந்தக் கணினியில் சாதாரண எடிட்டரில் எழுதி, எஸ்எஸ்எச் வழியே நகலெடுத்து அனுப்புவது நடைமுறையில் எளிது. உலாவியில் அது சரியாகவே தெரியும்.

விதிகளைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் வைரஸ், ஹேக்கர் என்று பேசுவார்கள். நிர்வாகிகளைச் சோர்வடையச் செய்வது அதைவிடச் சில்லறையான விஷயங்கள். இலவசமாக மையச் செயலி நேரம் கிடைத்தது என்று கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலை ஓடவிடுவது ஒன்று. பிடிபடுவது மிக எளிது, ஆனாலும் புதிது புதிதாக ஆள் வந்துகொண்டே இருக்கிறது. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் நிரலை எழுதிப் பார்க்கும் மாணவர் மற்றொரு வகை; ஒரு பயனர் இத்தனை செயல்முறைகளுக்கு மேல் தொடங்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தால் அது அடங்கிவிடும். மிக மோசமானது அஞ்சல் குப்பை. ஒரே ஒரு பயனர் குப்பை அஞ்சல் அனுப்பினாலும் சர்வரின் முகவரி தடைப்பட்டியலில் ஏறும். அதன்பின் குற்றமற்ற மற்றவர்கள் அனுப்பும் அஞ்சலும் பெரிய நிறுவனங்களின் வாசலிலேயே நிறுத்தப்படும். பட்டியலிலிருந்து பெயரை நீக்க வாரக்கணக்கில் மன்றாட வேண்டும். பல கணினிகள் வெளியே அஞ்சல் அனுப்ப விடாமல், உள்ளுக்குள் மட்டும் அஞ்சல் வைத்திருப்பது இதனால்தான். இங்கிருந்து பிற கணினிகளின் வாயில்களைத் துழாவுவதும் எங்கும் தடை. புகார் வருவது பயனருக்கல்ல, சர்வரை வாடகைக்கு விட்ட நிறுவனம் வழியே நிர்வாகிக்கு.

பயனரின் பக்கத்திலும் எச்சரிக்கை தேவை. ரூட் அதிகாரம் உள்ள நிர்வாகி எந்தக் கோப்பையும் படிக்க முடியும். நல்லவர் படிக்க மாட்டார், ஆனால் முடியும். ஆகவே வங்கி விவரம், வேலைக் கடவுச்சொல் போன்றவற்றுக்கு இது இடமல்ல. வேறு சர்வர்களின் தனிச் சாவியை இங்கே கொண்டுவந்து வைப்பது பெருந்தவறு. எஸ்எஸ்எச்சில் 'ஏஜன்ட் ஃபார்வர்டிங்' என்றொரு வசதி உண்டு. வீட்டிலிருக்கும் சாவியை இங்கிருந்தபடியே பயன்படுத்த அது உதவும். பொதுக் கணினியில் அதைத் திறந்துவிட்டால், இணைப்பு நீடிக்கும் வரை ரூட் அதிகாரம் உள்ளவர் அந்தச் சாவியால் பயனர் பெயரில் வேறு சர்வர்களுக்குள் போகலாம். அதை அணைத்தே வைக்க வேண்டும். கட்டளை வரியில் கடவுச்சொல்லைத் தட்டுவதும் கூடாது. ஓடும் நிரல்களின் பட்டியலில் கட்டளை வரி முழுவதும் பல கணினிகளில் மற்ற பயனர் கண்ணிலும் படும்.

யூனிக்ஸ் பழகவோ கூடிப் பேசவோ அல்லாமல் வேலைக்காகவே திறந்திருக்கும் பொதுக் கணினிகளும் உண்டு. கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்களுக்கான ஜிசிசி கம்பைல் ஃபார்ம் அவற்றில் பெரியது. சாதாரண மடிக்கணினி வைத்திருப்பவரால் தம் நிரல் பவர், ஸ்பார்க், ரிஸ்க்-ஃபைவ் போன்ற மையச் செயலிகளில் ஓடுமா என்று சோதிக்க முடியாது. பல அமைப்புகள் கொடுத்த அத்தகைய இயந்திரங்களைத் தன்னார்வலர்கள் பராமரித்து, எந்தத் திட்டத்துக்காக வேண்டும் என்று சொல்லிக் கேட்கும் நிரலாளருக்கு எஸ்எஸ்எச் கணக்கு தருகிறார்கள். அரட்டைக்கு அங்கே இடமில்லை.

இவற்றில் எதையும் நடத்தப் பெரும் பணம் தேவையில்லை. நடுத்தரமான ஒரு வாடகை சர்வரில் சில நூறு பேர் தாராளமாக இருக்கலாம். தீர்ந்துபோவது நிர்வாகியின் நேரம். விண்ணப்பம் படிப்பது, பாதுகாப்புத் திருத்தம் போடுவது, சண்டை தீர்ப்பது எல்லாம் ஒரே ஆளின் தலையில் விழுந்தால், அவருக்கு வேலை மாறினாலோ குழந்தை பிறந்தாலோ கணினி நின்றுவிடும். நீண்டகாலம் தாக்குப்பிடித்தவற்றைப் பார்த்தால் கிரெக்ஸ் போலப் பொறுப்பைப் பகிர்ந்தவை, எஸ்டிஎஃப் போலச் சட்டப்படி அமைப்பாக நின்றவை, டில்டே கிளப் போலத் தொடங்கியவரின் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறியவை. தனியாள் ஆர்வத்தில் தொடங்கிய மற்றப் பலவற்றின் முகவரிகள் இன்று எங்கும் போய்ச் சேர்வதில்லை.

எனவே கணக்கு வாங்கியவர் தம் கோப்புகளின் நகலைச் சொந்தக் கணினியில் வைத்திருப்பது கட்டாயம். 'ஆர்சிங்க்' என்ற நிரல் எஸ்எஸ்எச் வழியாகவே மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும். வாரம் ஒருமுறை ஓடவிட்டால் போதும். பல மாதம் எட்டிப் பார்க்காத கணக்குகளைச் சில கணினிகள் அறிவிப்புக்குப் பின் நீக்கிவிடும். கால அளவு இடத்துக்கு இடம் மாறும், சேரும்போதே விதியில் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கு இனி வேண்டாம் என்றால் நிர்வாகிக்கு ஒரு வரி எழுதிவிடுவது முறை. அதற்கு முன் பொதுவான தற்காலிகக் கோப்புறைகளிலும் பகிர்ந்த இடங்களிலும் போட்டுவைத்த கோப்புகளைத் தாமே நீக்கிவிட வேண்டும். யூனிக்ஸ் கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அல்ல, எண்ணால்தான் குறித்து வைக்கிறது. கணக்கு போனபின் விடுபட்ட கோப்புகளின் மேல் அந்த எண் மட்டும் நிற்கும். பின்னொரு நாள் அதே எண் புதியவர் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டால், அந்தக் கோப்புகளுக்கு அவரே உரிமையாளர் ஆகிவிடுவார்.